நீர்ம வண்ணப்பிரிகைப் பம்பும் அழுத்தச் சோதனையும்

கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்தறியும் வண்ணப்பிரிகை முறைக்கு (குரோமட்டோகிராபி) 1906-இல் பெயரிட்டவர் ரஷ்யத் தாவரவியலார் ஸ்வெட். இன்றைய நீர்ம வண்ணப்பிரிகைக் கருவியில், பிரிகைக் குழாயினுள் அடைத்துள்ள துகள்கள் பெரும்பாலும் 5 மைக்ரான் அளவே. அவற்றினூடே கரைப்பானைச் செலுத்த 100, 200 பார் அழுத்தம் தேவை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2 பார்தான் என்பதை எண்ணினால் பம்பின் உழைப்பு புரியும்.

பம்பின் அமைப்பு

பம்பினுள் செயற்கை நீலக்கல்லாலான பிஸ்டன் முன்னும் பின்னும் இயங்குகிறது. அதைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் உள்ளது. உள்வழி, வெளிவழி வால்வுகளில் சிறு கெம்புக் குண்டுகள் உள்ளன. பிஸ்டன் பின்வாங்கும்போது உள்வழிக் குண்டு எழும்; வெளிவழிக் குண்டு அமரும். முன்னேறும்போது இது மாறி நிகழும்.

நான் செய்த தவறு

என் ஆய்வு பாராசிட்டமால் மாத்திரையைப் பற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை, திட்டக் கரைசலை அளந்துவிட்டு, பாஸ்பேட் தாங்கல் கரைசலைப் பம்பிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திங்களன்று 6 நிமிடத்தில் வரவேண்டிய முகடு 6.9 நிமிடத்தில் வந்தது. 500 மில்லிகிராம் மாத்திரையில் ஏறத்தாழ 570 மில்லிகிராம் மருந்து என்று கணக்கு காட்டியது. தயாரித்தவர்மீது பழிபோட்டு ஏட்டிலும் எழுதிவிட்டேன்.

பேராசிரியர் பார்த்துவிட்டு, "மாத்திரையைச் சந்தேகிக்கிறாயே தம்பி, பம்பைச் சந்தேகித்தாயா?" என்றார். "இல்லை ஐயா" என்றேன்.

சோதனை

முதலில் 10 மில்லி குடுவையை வெளிவழியில் வைத்தோம். நிமிடத்திற்கு 1 மில்லி வீதம் 10 நிமிடத்தில் நிரம்ப வேண்டியது, பதினொன்றரை நிமிடம் எடுத்தது. ஓட்டம் குறைந்ததால் பொருள் உணர்கருவியில் அதிக நேரம் தங்கி, முகட்டின் பரப்பைப் பெருக்கியிருக்கிறது!

அடுத்து, பம்பை நீரால் நன்கு கழுவியபின் வெளிவழியை அடைப்பு நட்டால் மூடினோம். மேல்வரம்பை 250 பாரில் வைத்து, மிகக் குறைந்த ஓட்டத்தில் அழுத்தத்தை ஏற்றி நிறுத்தினோம். ஒரே நிமிடத்தில் 140 பாருக்கு இறங்கியது. இணைப்புகளில் மெல்லிய தாளை ஒற்றிப் பார்த்தோம், உலர்ந்தே இருந்தன. பம்புத் தலையின் பின்புறம் மட்டும் ஈரமும் வெண்மையான உப்பும் தெரிந்தன. நீர் உலர்ந்து, உப்புப் படிகங்கள் சீலைக் கீறியிருந்தன. சீலை மாற்றி, வால்வுகளை முதலில் நீரிலும் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் மீயொலித் தொட்டியில் கழுவினோம். மறு சோதனையில் அழுத்தம் நின்றது. முகடும் 6 நிமிடத்திற்குத் திரும்பியது. மாத்திரையில் குறையில்லை. ஏட்டில் எழுதியதை அடித்துவிட்டு, முழுவதையும் மீண்டும் செய்தேன்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. தாங்கல் கரைசலைப் பம்பில் தங்கவிடலாகாது. முதலில் நீரால் கழுவி, பிறகே மெத்தனால் செலுத்துக. நேரே மெத்தனாலுக்கு மாறினால் உப்பு படியும்.
2. கரைப்பானை வடிகட்டி, கரைந்துள்ள காற்றை நீக்குக.
3. அழுத்தம் ஊசலாடினால் காற்றுக்குமிழையோ வால்வையோ, இறங்கினால் கசிவையோ, ஏறினால் அடைப்பையோ தேடுக.
4. சோதனை அழுத்தத்தின் வரம்பைக் கருவியின் கையேட்டில் பார்த்து அறிக.

நாள்தோறும் அழுத்த அளவை ஏட்டில் குறித்து வைப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் திங்கட்கிழமையே என் தவறு எனக்குத் தெரிந்திருக்கும். மாத்திரையைக் குறைகூறுமுன் நம் கருவியைச் சோதிப்பதே முறை.