காவிக்கல்லும் விண்வெளிக் கண்ணும்

தம்புன் என்றால் நம்மில் பலருக்குப் பம்பளிமாசுப் பழமே நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளியில் பயின்ற காலத்தில் எனக்கும் அப்படித்தான். ஈப்போவுக்கு அருகிலுள்ள அவ்வூரின் சுண்ணாம்புப் பாறையில் பழங்கால ஓவியங்கள் இருப்பதைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே அறிந்தேன்.

அங்குள்ள மனித, விலங்கு உருவங்கள் ஹெமடைட் எனும் இரும்புத் தாதுவால் தீட்டப்பட்டவை. நம் காவிக்கல்லுக்குச் செந்நிறம் தருவதும் அதுவே. 1959-ஆம் ஆண்டு ரோலிங்ஸ் எனும் இராணுவ அதிகாரி அவற்றைக் கண்டறிந்தார். பின்னர் நோயல் ஹிடால்கோ டான் எனும் ஆய்வாளர், அங்கு 600-க்கும் மேற்பட்ட உருவங்கள் இருப்பதைப் பதிவு செய்தார். அவரே 2014-இல், அங்கோர் வாட் சுவர்களில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஏறத்தாழ 200 ஓவியங்களை வெளிக்கொணர்ந்தார்.

அங்கோரில் அவருக்குக் கைகொடுத்த முறை விண்ணாய்வோடு வளர்ந்தது. செயற்கைக்கோள் படங்களில் பாறை வகைகளைப் பிரித்தறிய நாசாவின் ஆய்வகம் அதனைக் கையாண்டது. செவ்வாய்க் கோளின் பாறைப் படங்களுக்கும் அது பயன்பட்டது. ஜான் ஹார்மன் என்பவர் அதனைப் பாறை ஓவியங்களுக்கேற்ற 'டிஸ்ட்ரெச்' எனும் மென்பொருளாக்கினார்.

அது செயல்படும் விதம் எளிது. நிழற்படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. மங்கிய சுவரில் இம்மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும். மென்பொருள் அந்தப் பிணைப்பை அவிழ்த்து, நுண்ணிய வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது. வரும் நிறம் மெய்யான நிறமன்று. ஆனால், வேறுபாடு மெய்.

சுங்கை சிப்புட் பக்கம் பாட்டி பிறந்த தோட்டத்தில் இன்று லயங்கள் இல்லை. கோயில் மட்டுமே உண்டு. அதன் சுவரில் நன்கொடையாளர் பெயர்களைக் காவியால் எழுதியிருந்தார்களாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கறைதான். படமெடுத்துக் கணினியில் இட்டேன். மூன்றாம் முயற்சியில் மூன்று எழுத்துகளும் '5 வெள்ளி' என்பதும் தெளிந்தன. எஞ்சிய எழுத்துகள் வரவில்லை. சாயமே உதிர்ந்த இடத்தில் எந்தக் கணிதமும் உதவாது.

பாட்டி திரையைத் தொட்டு, "எங்கப்பா பேருதான்" என்று மீதியைச் சொல்லி முடித்தார்.

அடுத்த திருவிழாவுக்கு அச்சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். உங்கள் தோட்டத்திலும் அத்தகைய சுவர் இருக்கலாம். எழுத்தின்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், சுண்ணக்கட்டியால் கோடிழுக்காதீர்கள். நிழலில், நேராக நின்று படமெடுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் எடுங்கள்.