நான்சி அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதினாறாம் குடியரசுத் தலைவராய் விளங்கி, அடிமைத் தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனை அறியாதார் இலர். அப்பெருமகனாரை ஈன்ற அன்னையின் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர். அவ்வன்னையாரைக் கண்டு தீட்டிய ஓவியம் ஒன்றும் இல்லை. அவர் வாழ்ந்த நாளில் நிழற்படக் கருவி தோன்றவும் இல்லை. அவர் தம் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றேனும் கிடைத்திலது. நிலப் பத்திரத்தில் கணவரின் பெயருக்கு அருகே, எழுத்தறியாதார் இடுவது போன்ற கீறல் ஒன்றை இட்டிருக்கின்றார். அவர் கையால் ஏட்டில் பதிந்தது அவ்வளவே. 34 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த அவ்வம்மையாரின் வாழ்வையும், அவரது உயிரைக் கவர்ந்த விந்தையான நோயின் வரலாற்றையும் ஈண்டுக் காண்போம்.

நான்சி அம்மையார் 1784ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் பிறந்தவர். ஆங்க்ஸ் என்பது அவர் பிறந்த குடியின் பெயர். இளமையிலேயே கெண்டக்கி என்னும் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட அவர், தாயின் உடன்பிறந்தாளாகிய எலிசபெத்து என்பவரிடத்தும், அவர் கணவர் தாமசு ஸ்பாரோ என்பவரிடத்தும் வளர்ந்தார். பெற்ற மகளினும் அருமையாய்த் தம்மைப் பேணிய அவ்விருவரையும் அவர் இறுதிவரை பெற்றோராகவே போற்றினார். தையலும் நூற்பும் அவருக்குக் கைவந்த தொழில்கள். எழுத வாராதேனும் திருமறை நூலை ஓரளவு படிக்க வல்லவராய் இருந்தார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர்.

1806ஆம் ஆண்டு சூன் திங்கள் 12ஆம் நாள் தாமசு லிங்கன் என்னும் தச்சர்க்கு அவர் வாழ்க்கைப்பட்டார். மறு ஆண்டில் சாரா என்னும் பெண் மகவும், 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் ஆபிரகாமும் பிறந்தனர். மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கட்டிய, ஒரே அறையுடைய குடிலே ஆபிரகாம் பிறந்த இல்லம். மூன்றாவதாகப் பிறந்த ஆண் குழந்தை பால் மணம் மாறாப் பருவத்திலேயே மாண்டது.

கெண்டக்கியில் அக்குடும்பத்தார் நிலையாக வாழ இயலவில்லை. அந்நாளில் அங்கு நில அளவை ஒழுங்காக நடைபெறவில்லை. ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கொண்டாடினர். பாடுபட்டுத் திருத்திய நிலம் தமக்கு உரியதன்று என்ற வழக்கைத் தாமசு லிங்கன் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டார். அன்றியும் கெண்டக்கி மாநிலம் அடிமை முறையை ஏற்ற மாநிலம். லிங்கன் குடும்பத்தார் சார்ந்திருந்த திருச்சபையோ அடிமை முறையை வெறுத்தது. இவ்விரு காரணங்களாலும் தந்தையார் ஊர் பெயர்ந்தார் என்றும், அவற்றுள் நில வழக்கே பெரியது என்றும் ஆபிரகாம் லிங்கனே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். தந்தையைப் புகழ வேண்டுமென்று அடிமை வெறுப்பையே முதற் காரணமாக்காமல், உள்ளதை உள்ளவாறு கூறிய அந்நேர்மை குறிக்கத் தக்கது.

1816ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், கடுங்குளிரில், நான்சி அம்மையார் கணவரோடும் மக்கள் இருவரோடும் ஓகையோ ஆற்றைக் கடந்து இந்தியானாவினுள் புகுந்தார். இந்தியானா அடிமை முறையை விலக்கிய புதிய மாநிலமாக அமைந்ததும் அதே திங்களில்தான். அவர்கள் குடியேறிய இடம் ஊரன்று, காடு. கரடி முதலிய விலங்குகள் திரியும் பெருங்காடு. முப்புறமும் மறைத்து ஒரு புறம் திறந்து கிடந்த கொட்டகையில் முதற் குளிர்காலத்தைக் கழித்தனர் என்பர். திறந்த புறத்தே அல்லும் பகலும் தீ எரிந்துகொண்டேயிருத்தல் வேண்டும். தீ அவிந்தால் குளிர் கொல்லும். எட்டு வயது நிரம்பாத ஆபிரகாமின் கையிலும் கோடரி கொடுக்கப்பட்டது. மரங்களை வீழ்த்தி, இடையிடையே மக்காச்சோளம் விதைத்து, மானிறைச்சியும் சோள அப்பமும் உண்டு, நூற்று நெய்த துணியையும் பதப்படுத்திய மான்தோலையும் உடுத்து அவர்கள் வாழ்ந்தனர். அவ்வாழ்வில் ஒரு குடும்பத் தலைவியின் உழைப்பு எத்தகையது என்பதை உய்த்துணர்தல் கூடும். தீ மூட்டுதல் முதல் துணி நெய்தல் வரை அனைத்தும் அவள் கையையே எதிர்நோக்கி நின்றன.

மறு ஆண்டில் ஸ்பாரோ இணையர் தாமும் கெண்டக்கியை விட்டு நான்சியைத் தேடி வந்தனர். டென்னிசு ஆங்க்ஸ் என்னும் உறவினனாகிய இளைஞனும் அவர்களுடன் வந்தான். தனிமையில் வாடிய நான்சி அம்மையார்க்கு அஃது எத்துணை மகிழ்ச்சி தந்திருக்கும்! அம்மகிழ்ச்சி ஓராண்டே நிலைத்தது.

1818ஆம் ஆண்டு கோடை கழிந்து இலையுதிர் காலம் தொடங்கியது. அப்போது அக்காட்டுக் குடியிருப்பில் ஒரு நோய் தோன்றியது. முதலில் மாடுகள் உடல் நடுங்கி, கால் தள்ளாடி வீழ்ந்தன. பின்னர் மக்களைப் பற்றியது. நோயுற்றவர்க்கு உடல் சோரும், உணவு வெறுக்கும், வயிறு எரிந்து வாந்தி ஓயாது, மூச்சில் ஒருவகைத் தனி நாற்றம் வீசும், நாட்கள் செல்லச் செல்ல அறிவு மயங்கி உயிர் நீங்கும். பால் அருந்தியவர்க்கே இந்நோய் வருகிறது என்பதை மக்கள் அனுபவத்தால் அறிந்து, இதனைப் பால் நோய் என வழங்கினர். பால் ஏன் நஞ்சாயிற்று என்பதை மட்டும் அவர்கள் அறிந்திலர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புதல் பேதைமை என்பது நம் நாட்டு வழக்கு. ஆனால் தன் வீட்டுப் பசுவின் மடியிலிருந்து தன் கையால் கறந்த பாலையே ஐயுற வேண்டும் என்றால், ஏழைத் தாய் என் செய்வாள்?

ஸ்பாரோ இணையர் இருவரும் நோயுற்றனர். அண்டை வீட்டு மாது ஒருத்தியும் படுக்கையில் வீழ்ந்தாள். முப்பது கல் தொலைவுக்குள் மருத்துவர் எவரும் இலர். நான்சி அம்மையார் இல்லத்திற்கும் நோயாளர் படுக்கைக்குமாக நடந்து பணிவிடை செய்தார். தம்மை வளர்த்த இருவரும் செப்டம்பர்த் திங்களில் ஒருவர்பின் ஒருவராய்க் கண்மூடினர். சில நாட்களில் அவரே நோயின் வாய்ப்பட்டார். நோயாளரைத் தொட்டுப் பணி செய்தமையால் அந்நோய் அவரைத் தொற்றவில்லை என்பதை இங்கு அறிதல் வேண்டும். இது தொற்று நோயன்று. அவர்களைக் கொன்ற பாலே இவரையும் கொன்றது.

நோய் கண்ட ஏழாம் நாள், அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. உயிர் பிரியுமுன் மக்கள் இருவரையும் படுக்கையருகே அழைத்து, தந்தையிடத்தும் ஒருவரிடத்து ஒருவரும் அன்புடன் இருக்குமாறு கூறினார் என்று டென்னிசு ஆங்க்ஸ் முதுமையில் நினைவு கூர்ந்தார். அப்போது சாராவுக்கு வயது 11. ஆபிரகாமுக்கு வயது 9.

தாமசு லிங்கன் தச்சர் அல்லரோ? அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அவர் செய்ய நேர்ந்த வேலையெல்லாம் சவப்பெட்டி செய்தலே. வளர்த்தவர்களுக்குப் பெட்டி செய்த கையாலேயே மனைவிக்கும் செய்தார். இரும்பாணி அரிதாகையால் பலகைகளை மரமுளை கொண்டு இணைத்தார். அம்முளைகளைச் சிறுவன் ஆபிரகாம் கத்தியால் சீவிக் கொடுத்தான் என்று கூறுவர். குடிலை அடுத்த மேட்டில், வளர்த்தவர்களின் புதைகுழிகளுக்கு அருகே அம்மையாரை அடக்கம் செய்தனர். இறுதி வழிபாடு செய்யப் போதகர் எவரும் அக்காட்டில் இலர். சில திங்கள் கழிந்தபின் அவ்வழி வந்த போதகர் ஒருவர் அம்மேட்டில் நின்று வழிபாடு நடத்தினார் என்பது செவிவழிச் செய்தி.

பதினொரு வயதுச் சாரா அடுப்பூதத் தொடங்கினாள். தாயற்ற அவ்வீட்டின் நிலையை விரித்துரைத்தல் வேண்டா. 1819ஆம் ஆண்டு திசம்பரில் தாமசு லிங்கன் கெண்டக்கிக்குச் சென்று, சாரா புஷ் ஜான்சுடன் என்னும் கைம்பெண்ணை மணந்து அழைத்து வந்தார். மாற்றாந்தாய் என்றால் கொடியவள் என்பதே கதைகளில் நாம் காண்பது. இவ்வம்மையாரோ தம் மக்கள் மூவரோடு நான்சியின் மக்களையும் வேற்றுமையின்றி வளர்த்து, ஆபிரகாமின் படிப்பார்வத்தைத் தடை செய்யாது காத்தார். மகள் சாரா மட்டும் நீண்ட நாள் வாழக் கொடுத்து வைக்கவில்லை. 1828ஆம் ஆண்டில் மகப்பேற்றின்போது இறந்தாள்.

இனி, அந்நோயின் மூலத்தைக் காண்போம். இந்தியானா, ஓகையோ, இலினாய்சு முதலிய மாநிலங்களின் காட்டோரங்களில், மர நிழலில், இரண்டு முதல் நான்கு அடி உயரம் வளரும் ஒரு செடி உண்டு. கோடை முடிவில் அதன் தலையில் சிறு சிறு வெண்பூக்கள் கொத்தாகப் பூக்கும். அதன் வேர் பாம்புக் கடிக்கு மருந்தாகும் என்று ஒரு காலத்தில் நம்பியமையால், வெண்பாம்பு வேர் எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். மருந்தென்று பெயர் பெற்ற அச்செடியே நஞ்சு. மேய்ச்சற் புல் செழித்திருக்கும் காலத்தில் மாடுகள் அதனை நாடுவதில்லை. புல் காய்ந்த கோடை முடிவில், வேலியற்ற காட்டினுள் புகுந்து அதனைத் தின்னும். தின்ற மாடு கறவையாயின், நஞ்சின் பெரும்பகுதி பால் வழியே வெளியேறிவிடும். ஆதலின் கறவைப் பசு நோயின்றி நிற்க, அதன் பாலைக் குடித்த கன்றும் மனிதரும் மடிவர். பால் வற்றிய மாடுகளே முதலில் நடுங்கி வீழும். நோயற்ற பசுவென்று நம்பிக் கறந்தமையே அம்மக்களுக்குக் கேடாயிற்று. வெண்ணெயிலும் அந்நஞ்சு கலந்திருந்தது.

இவ்வுண்மையை முதலில் கண்டவர் மருத்துவ நூல் கற்றவர் அல்லர். இலினாய்சு மாநிலத்தின் தென்கிழக்கில் அன்னா என்னும் மருத்துவச்சி ஒருவர் இருந்தார். மாடுகளைப் பின்தொடர்ந்து அவை மேய்வனவற்றை நோக்கி வந்த அவர்க்கு, ஷானி என்னும் பழங்குடியைச் சேர்ந்த முதியவள் ஒருத்தி அச்செடியைச் சுட்டிக் காட்டினாள் என்றும், ஒரு கன்றுக்கு அதனை ஊட்டி உண்மை தெளிந்த அன்னா ஊராரைக் கொண்டு அச்செடியை வேரோடு பிடுங்குவித்தார் என்றும் அப்பகுதியில் வழங்கி வருகிறது. ஓகையோ மாநிலத்து உழவர் ஒருவரும் கால்நடைகளுக்கு அச்செடியை ஊட்டிப் பார்த்துத் தம் முடிபை வெளியிட்டார். அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த மருத்துவர் டேனியல் டிரேக், 1841ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி ஆராய்ந்து எழுதியபோது, உழவரின் கூற்றை ஏற்காமல் வேறொரு நச்சுக்கொடியின்மீது ஐயங்கொண்டார். டிரேக் கவலையின்றி எழுதியவர் அல்லர்; நோய் பரவிய இடங்களுக்கே சென்று கண்டவர். எனினும் உழவரின் சொல் அவர் செவியில் ஏறாது போயிற்று. அதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. அதன்பின்னும் பல ஆண்டுகள் குடியேறிய மக்கள் பால் நோயால் மாண்டனர்.

லிங்கன் குடும்பத்தாரையும் அந்நோய் விடாது அச்சுறுத்தியது. அது மீண்டும் தலைகாட்டுகிறது என்ற அச்சமும் ஒரு காரணமாக, 1830ஆம் ஆண்டில் அவர்கள் இந்தியானாவை விட்டு இலினாய்சுக்குப் பெயர்ந்தனர். வழக்கறிஞராய் உயர்ந்த ஆபிரகாம், 1844ஆம் ஆண்டில் தேர்தற் சொற்பொழிவின் பொருட்டு இந்தியானாவுக்கு வந்தபோது, தாயும் தமக்கையும் துயிலும் அப்பகுதியை மீண்டும் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைக் கவியெழுதத் தூண்டியது. எனினும் தம் அன்னையைக் கொன்றது எது என்பதற்கு ஐயமற்ற விடையை அவர் தம் வாழ்நாளில் அறிந்தாரல்லர். 1865ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பீட்டர் ஸ்டூடிபேக்கர் என்னும் தொழிலதிபர் நான்சி அம்மையாரின் கல்லறையில் பெயர் பொறித்த பளிங்குக் கல்லை நாட்டுவித்தது 1879ஆம் ஆண்டில்.

1920-களின் இறுதியில், அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஜேம்சு கௌச் என்னும் வேதியியல் அறிஞர், அச்செடியிலிருந்து நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு டிரெமெட்டால் எனப் பெயரிட்டார். அது தனிப் பொருளன்று, பல பொருள்களின் கலவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நான்சி அம்மையார் மறைந்து அப்போது ஏறத்தாழ 110 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் காடுகள் அழிந்து வயல்களாயின. மாடுகள் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில் அடங்கின. பல பண்ணைகளின் பால் ஒன்றாகக் கலந்து நகரங்களுக்குச் சென்றது. ஆதலின் நோயும் அரிதாயிற்று.

1962ஆம் ஆண்டில் அம்மேடும் அதனைச் சூழ்ந்த நிலமும் லிங்கனின் இளமைக்கால நினைவிடமாக நாட்டின் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. அதற்கு முன்னரே, வயல்களாய்ப் போன அந்நிலத்தில் மரங்களை நட்டுக் காட்டை மீண்டும் வளர்க்கத் தொடங்கியிருந்தனர். இந்தியானாக் காடுகளின் நிழலில், இலையுதிர் காலந்தோறும், அவ்வெண்பூக்கள் இன்றும் பூக்கின்றன.