குட்டிக் கார் பந்தயம்: யாரை யாரோடு ஓட விடுவது?

சிறுவர்கள் அமர்ந்து ஓட்டும் மோட்டார் இல்லா வண்டிப் பந்தயமான சோப் பாக்ஸ் டெர்பியில் சேர மகனுக்கு வயது போதவில்லை என்பதால் டான் மர்ஃபி என்ற சாரணத் தலைவர் மாற்று வழி தேடினார். பைன் மரக்கட்டையைச் செதுக்கி, நான்கு சக்கரம் மாட்டி, சரிவுத் தடத்தில் உருட்டிவிடும் பந்தயம் அப்படித்தான் பிறந்தது. முதல் பைன்வுட் டெர்பி 1953 மே 15 அன்று கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நடந்தது. மோட்டார் கிடையாது, ஈர்ப்பு விசைதான் எஞ்சின்.

சென்னையை அடுத்த நாவலூர், சிறுசேரி பக்கத்து அடுக்ககங்களிலோ பள்ளிச் சாரணர் இயக்கத்தின் குருளையர், நீலப் பறவையர் அணிகளிலோ இதை நடத்த பெரிய இடம் வேண்டாம். அருகருகே அமைந்த முப்பது, நாற்பது அடித் தடங்கள் ஒரு கிளப் ஹவுஸுக்குள் அடங்கிவிடும். கவனம் வைக்க வேண்டியது பந்தய முறையில்.

நாக்-அவுட் வேண்டவே வேண்டாம். 16 கார்கள் இரண்டிரண்டாக மோதினால், எட்டுக் குழந்தைகள் ஒரே ஓட்டத்தோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். வாரக்கணக்கில் உப்புத்தாள் தேய்த்த பிள்ளைக்குக் கிடைப்பது சில விநாடிதான். பரிசும் தப்பாகப் போகும்: குலுக்கலில் மிக வேகமான கார் இருக்கும் பாதியிலேயே இரண்டாவது வேகமான காரும் விழுந்தால், அது இறுதிக்கு வராது. வருவதற்கான வாய்ப்பு 15-இல் 8 மட்டுமே. ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோல், டென்னிஸ் போட்டிகளில் இதே அநியாயம் நடக்கிறது என்று 1883-இல் தனிச் சிறுநூலே எழுதினார்.

இரண்டு தோல்விக்குப் பிறகே வெளியேற்றும் முறை கொஞ்சம் தேவலை. ஆனால் அந்த இரண்டு தோல்வியும் மோசமான ஒரே தடத்தில் வந்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை தடத்தைச் சோதிப்பது. ஒரே காரை ஒவ்வொரு தடத்திலும் ஐந்தாறு முறை ஓட்டிப் பாருங்கள். இணைப்பு சற்றுத் தூக்கியிருந்தாலே ஒரு தடம் மந்தமாகிவிடும். சரிசெய்த பிறகும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும். அதனால் எல்லாக் காரும் எல்லாத் தடத்திலும் ஒருமுறை ஓடியே ஆக வேண்டும். நேரம் பற்றிய கவலை வேண்டாம்: இந்த ஏற்பாட்டில் கார்கள் எத்தனையோ, ஓட்டங்களும் அத்தனைதான். 24 காருக்கு 24 ஓட்டம்; ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்த கேள்வி, மின்னணு நேரமானி இருக்கிறதா என்பது. இருந்தால் எல்லா ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிக் குறைந்ததற்குப் பரிசு கொடுக்கலாம்; எதிராளி யார் என்பது பொருட்டல்ல. இல்லாவிட்டால் முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று புள்ளி போட்டு, குறைந்த கூட்டுத்தொகையை வெற்றியாகக் கொள்ளலாம். அப்போது எதிராளிகளும் சமமாக அமைய வேண்டும்.

அதற்கு அழகான அட்டவணை உண்டு. மூன்று தடம், ஏழு கார் என்றால் முதல் ஓட்டத்தில் 1, 2, 4 எண் கார்கள். அடுத்ததில் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டி 2, 3, 5. பிறகு 3, 4, 6. ஏழைத் தாண்டினால் மீண்டும் ஒன்றிலிருந்து. ஏழு ஓட்டத்தில் ஒவ்வொரு காரும் மூன்று தடத்திலும் ஓடி, மற்ற ஆறையும் சரியாக ஒருமுறை சந்தித்திருக்கும். நான்கு தடம், 13 கார் என்றால் 1, 2, 4, 10-இல் தொடங்குங்கள். வேளாண் சோதனைகளுக்குப் பயன்பட்ட கணிதம் இது. இத்தகைய சமநிலை அமைப்புகளைக் கட்டும் வழிகளைக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்த ராஜ் சந்திர போஸ் 1939-இல் விரிவாக எழுதினார். வேறு எண்ணிக்கைக்கு டெர்பிநெட் என்ற இலவச மென்பொருள் அட்டவணை போட்டுத் தரும்.

புள்ளி முறையில் கார்கள் அதிகமானால் எல்லோரும் எல்லோரையும் சந்திக்க முடியாது. நான்கு தடத்தில் 24 கார் ஓடினால் ஒரு கார் அதிகபட்சம் 12 எதிராளிகளைத்தான் பார்க்கும். எனவே முன்னணி ஐந்து கார்களுக்கு இறுதிச் சுற்று வையுங்கள்: ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு கார் ஓய்வு.

விதிகளை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். எடை வரம்பு 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம். எல்லாருக்கும் ஒரே தராசு. எடை பார்த்த பிறகு கார்கள் நடத்துபவர் மேசையிலேயே இருக்கட்டும். தடம் விட்டுக் குதித்தால் மறு ஓட்டம் உண்டா? சமன் வந்தால்? இரு கார்களும் தடம் மாற்றி இருமுறை ஓடுவது நல்லது. உளியும் ரம்பமும் பிடித்த அப்பா அம்மாக்களுக்குத் தனிப் போட்டி வைத்துவிட்டால், பிள்ளைகளின் கார்கள் பிள்ளைகளின் கார்களோடு மட்டுமே ஓடும்.