கம்பிவலையும் தரை இணைப்பும்

லயத்துத் திண்ணையில் வால்வு ரேடியோ பாடிய காலத்தை நம் வாசகருள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். விசையைத் திருப்பியவுடன் ஒலி வராது. உள்ளே குழல்கள் செந்நிறமாய்க் கனன்ற பின்னரே பாட்டு எழும். இல்லங்களிலிருந்து அக்குழல்கள் மறைந்துவிட்டன. ஆயினும், தம் அலைபரப்பியின் ஆற்றலைக் கூட்ட விரும்பும் அமெச்சூர் வானொலியாளர் பலர் இன்றும் அவற்றை நாடுகின்றனர்.

இக்கலை வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானின் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலியாளரும் அவர்தம் குழுவினரும் உறவினரின் நலச்செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர். நம் நாட்டில் இதற்கான உரிமம் வழங்கும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தலைமையகம், டெங்கிலுக்கு அண்மையிலுள்ள சைபர்ஜெயாவில்தான் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் தோட்டத்து இளைஞர் ஒருவர் பழைய பெருக்கி ஒன்றைப் பழுதுபார்க்க முனைந்தால், அவரை முதலில் குழப்புவது ‘தரை’ என்னும் சொல்லே.

குழலினுள் சூடேறிய இழை மின்னணுக்களை உமிழ்கிறது. நேர்மின்வாய் அவற்றை ஈர்க்கிறது. இடையே கிரிட் எனப்படும் கம்பிவலை நின்று, மதகுபோல் அவ்வோட்டத்தை அடக்கி ஆள்கிறது. சாதாரண அமைப்பில் சைகை வலைக்குச் செல்லும். நாம் பேசும் அமைப்பிலோ சைகை இழைக்குச் செல்ல, வலை தரையோடு பிணைக்கப்படுகிறது. அவ்வாறு பிணைத்த வலை, வெளியேறும் பெரிய ஆற்றல் உள்வாயிலுக்குத் திரும்பாதபடி சுவராகிறது. சுவர் பழுதானால் பெருக்கி தானே அலைவெழுப்பத் தொடங்கும், குழலும் எரியும்.

இங்கே தரை என்பது மண்ணில் அடித்த இரும்புக் கோலன்று, பெருக்கியின் உலோக அடித்தகடே. மண்ணுக்குச் செல்லும் நீண்ட கம்பியால் வலைக்கு யாதொரு பயனுமில்லை. ஓர் அங்குலக் கம்பியில் ஏறத்தாழ 20 நானோஹென்றி மின்தூண்டல் உண்டு. 14 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை 2 ஓமுக்கும் குறைவு. 150 மெகாஹெர்ட்ஸில் 19 ஓமை நெருங்கும். வேண்டாத அலைவு பெரும்பாலும் அத்தகைய உயர் அதிர்வெண்ணில்தான் எழுகிறது. ஆகவே அகன்ற செப்புப் பட்டையால், இயன்றவரை குறுகிய வழியில் இணைத்தல் வேண்டும். 3-500 இசட் குழலில் வலைக்கென மூன்று முனைகள் உள்ளன. மூன்றையும் தகட்டில் பிணைக்க வேண்டும்.

சில பழைய பெருக்கிகளில் வலையை மின்தேக்கி வழியாகத் தரையிட்டிருப்பர். 200 பிக்கோஃபாரட் மின்தேக்கி 3.5 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 230 ஓம் தடை காட்டும். பெருக்கத்தைக் குறைக்கவோ வலை மின்னோட்டத்தை அளக்கவோ அவ்வாறு செய்தனர். நேரடி இணைப்பே சிறந்தது என்பது எம் கருத்து. குழலினுள் பொறி பாய்ந்தால் உயர் மின்னழுத்தம் தகட்டில் அடங்கி, உருகி அறும். இணைப்பு இளகியிருந்தாலோ அவ்வழுத்தம் இழை வழியே முன்னுள்ள அலைபரப்பிவரை பாயக்கூடும்.

இப்பெருக்கிகளில் 3,000 வோல்ட்டு வரை உண்டு. சுவர்ச்செருகியைக் கழற்றிய பின்னரும் மின்தேக்கிகளில் உயிர்க்கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வடிக்கும் தடை கெட்டுப்போயிருக்கலாமாதலால், மின்மானி காட்டுவதை மட்டும் நம்பாது, காப்பிட்ட பிடியுள்ள குறுக்கிணைப்புக் கோலால் தகட்டோடு இணைத்த பின்னரே கைவைக்க வேண்டும். தனியே இருந்து இவ்வேலையைச் செய்யலாகாது. மூடியைத் திறந்தால் மின்சாரத்தை அறுக்கும் விசையை, வேலைக்கு இடையூறென்று கட்டிவைப்போரையும் கண்டிருக்கிறோம்!

மண்ணில் அடிக்கும் கோல் மின்னலுக்கும் வீட்டுக் காப்புக்கும் உரியது. இடி மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் அதுவும் தேவையே; எனினும் மழை இருட்டும்போது வான்கம்பியைக் கழற்றிவிடுவதே உத்தமம்.

குழலைக் கழற்றிச் சோதிக்கையில், இழை முனைக்கும் வலை முனைக்கும் இடையே இணைப்பு இருக்கலாகாது. இருப்பின், அக்குழலை மீண்டும் பொருத்துதல் கூடாது.