இறைச்சிக்கு மாற்றான உணவுகள்: வீட்டுச் சமையலில் ஒரு சோதனை

புரட்டாசித் திங்கள் பிறந்ததும் நம் கிராமங்களில் பல வீடுகளில் கறிச்சட்டி பரணில் ஏறிவிடுகிறது. கறிக்குழம்பின் மணத்தை மறக்க இயலாத பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் அந்நாட்களில் கையாளும் உபாயங்கள் பல. வாழைக்காயைத் துண்டு போட்டு மீன் குழம்பு போல வைப்பார்கள். சேனைக்கிழங்கை மீன் வறுவல் போல வறுப்பார்கள். பச்சைப் பயற்றை ஊறவைத்து அரைத்து, இட்டலித் தட்டில் வேகவைத்துத் துண்டுகளாக்கி, 'சைவ ஈரல்' என்று பெயரிட்டுக் குழம்பில் இடுவார்கள். ஆதலின் இறைச்சிக்கு மாற்றான உணவு என்பது நமக்குப் புதியதன்று. கடையில் பொட்டலமாக விற்கும் மீல் மேக்கர்தான் புதியது. அதுவும் இன்று சந்தைக்கடை முதல் மளிகைக்கடை வரை கிடைக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்களை ஒட்டி இவ்வுணவுகளைச் சமைத்துப் பார்க்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தோம். புலால் உண்போரைச் சைவர்களாக மாற்றுவது எங்கள் நோக்கமன்று. அது அவரவர் விருப்பம். ஒரு குக்கிராமத்தில் ஒரு தாய் கூறிய சொல்லே இம்முயற்சிக்குக் காரணம். "ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கறி எடுப்போம், ஐயா. வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டபின் எனக்குச் சாறுதான் மிஞ்சும்" என்றார் அவர். அவர் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. இதைக் கேட்ட மற்றப் பெண்கள் வியப்படையவில்லை, சிரித்தார்கள். எல்லோர் வீட்டிலும் அதுவே வழக்கம் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. கடைசியாக உண்பவருக்கும் சட்டியில் துண்டுகள் மிஞ்ச வேண்டுமானால், விலை குறைந்ததும் புரதம் மிகுந்ததுமான ஒரு பொருள் வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் அவசியம். இறைச்சிக்கு மாற்று என்று சொல்லப்படும் பொருள்கள் யாவும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. சில நாவுக்கு மட்டும் மாற்றாகின்றன. சில உடலுக்கும் மாற்றாகின்றன. பிஞ்சுப் பலாவை எடுத்துக்கொள்வோம். நன்றாகச் சமைத்தால் நார் நாராகப் பிரிந்து, கறியோ என்று ஐயுறும்படி இருக்கும். வங்காளத்தில் அதற்கு 'மரத்து ஆடு' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. ஆயினும் 100 கிராம் பிஞ்சுப் பலாவில் உள்ள புரதம் 3 கிராமுக்கும் குறைவு. காளானிலும் ஏறத்தாழ 3 கிராமே. சேனையும் வாழைக்காயும் மாவுச்சத்து மிகுந்தவை. ஆட்டிறைச்சியிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. பிஞ்சுப் பலாக் குழம்பு வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கறிச்சத்து கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு.

பச்சைப் பயறு, உலர்ந்த மொச்சை முதலியவற்றில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேற்பட்ட புரதம் உண்டு. மீல் மேக்கரில் ஏறத்தாழ 52 கிராம் என்று கணக்கிடுவர். இக்கணக்கைக் கேட்டு மயங்கிவிடலாகாது. இது உலர்ந்த நிலையில் உள்ள அளவு. ஊறியபின் அது ஏறக்குறைய மும்மடங்கு எடையாகிவிடும். ஆகவே தட்டில் விழும் 100 கிராமில் 17 கிராம் அளவே இருக்கும். அவ்வாறாயினும் இறைச்சிக்கு அருகில் வந்து நிற்பது இஃதொன்றே. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அதற்கும் மேல். 30 கிராம் உலர்ந்த மீல் மேக்கர், அதாவது ஒரு பெரிய கைப்பிடி, இதில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடும்.

மீல் மேக்கர் என்பது ஒரு வணிகப் பெயரே. நாளடைவில் பொருளுக்கே பெயராகிவிட்டது. சோயா மொச்சையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மாவை நீருடன் பிசைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிறு துளைகளின் வழியே பிதுக்கி உலர்த்துகிறார்கள். 1960-களில் அமெரிக்காவில் உருவான முறை இது. எண்ணெய் எடுத்த மாவு என்பதை நம் தாய்மார்கள் மறவாமல் நினைவிற் கொள்ள வேண்டும். சமையலில் நேரும் பிழைகளுக்கு அதுவே மூலம்.

முதல் கூட்டத்தில் நாங்கள் சமைத்த குழம்பை யாரும் இரண்டாம் முறை வாங்கவில்லை என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். கறிக்குழம்புக்குச் செய்வது போலவே மீல் மேக்கரை மசாலையோடு சேர்த்துக் கொதிக்கவிட்டோம். துண்டுகள் பஞ்சு போல இருந்தன, பச்சை வாடை போகவில்லை, குழம்பும் சப்பென்றிருந்தது. பிழை யாதென்று கூட்டத்திலிருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரே எடுத்துக் காட்டினார். ஆட்டுக்கறி குழம்புக்குச் சுவை கொடுக்கும்; இதுவோ குழம்பிலிருந்து சுவையை வாங்கும் என்றார். எத்தனை சரியான சொல்! கறியில் கொழுப்பும் எலும்புச் சாறும் இறங்கிக் குழம்பை உருவாக்குகின்றன. இதில் இறங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே குழம்பு முதலில் முழுமையாக வேண்டும். துண்டுகள் பின்னர்ச் சேர வேண்டும்.

அவர் கூறியபடி மாற்றிச் செய்த முறை இது. உப்பிட்ட நீரை நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கி, மீல் மேக்கரை அதில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைக்க வேண்டும். பிறகு நீரை வடித்துவிட்டுத் தண்ணீரில் அலசி, இரு கைகளாலும் இறுகப் பிழிய வேண்டும். மீண்டும் ஒரு முறை அலசிப் பிழிய வேண்டும். வாடை போவது இப்பிழிதலினால்தான். பெரிய உருண்டைகளை இரண்டாக நறுக்கிக்கொள்க. வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மஞ்சள்தூளும் சிறிது மிளகாய்த்தூளும் சேர்த்து, ஓரம் சிவக்கும்வரை வதக்குக. மற்றோர் அடுப்பில் சோம்பு, பட்டை, கிராம்பு தாளித்துச் சின்ன வெங்காயமும் தக்காளியும் இஞ்சி பூண்டும் வதக்கி, தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டுக் குழம்பை எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுக. அதன்பின் துண்டுகளைச் சேர்த்து, சிறு தீயில் பத்து நிமிடம் வைத்தால் போதும். இம்முறை சட்டி காலியாயிற்று. எண்ணெய் சிறிது கூடுதலாகிறதே என்பர்; கறியில் இருக்கும் கொழுப்பை எண்ணிப் பார்த்தால் அது கூடுதலன்று.

நிற்க. எச்சரிக்கை சிலவும் கூற வேண்டியுள்ளது. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவுகளில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை ஆகியவற்றால்தான் அதை ஈடு செய்ய வேண்டும். பயறு வகைகளிலுள்ள இரும்புச் சத்தும் இறைச்சியிலுள்ளதைப் போல எளிதில் உடலில் ஒட்டுவதில்லை. இறக்கியபின் எலுமிச்சை பிழிவதும், உடன் நெல்லிக்காய்த் துவையல் உண்பதும் அதற்குத் துணை செய்யும். பள்ளிச் சத்துணவில் 2013-இல் அறிமுகமான கலவைச் சாதப் பட்டியலில் மீல் மேக்கர் காய்கறிச் சாதம் இடம்பெற்றபோது, அதனோடு முட்டையும் சேர்த்தே வைக்கப்பட்டது. மீல் மேக்கர் இருக்கிறதே, முட்டை எதற்கு என்று கேட்கும் ஊராட்சி உறுப்பினர்கள் இதைக் கவனிப்பார்களாக. சோயா ஒவ்வாதவர்களும் சிலர் உளர். முதன்முறை பிள்ளைகளுக்குச் சிறிதளவே கொடுத்துப் பார்க்க வேண்டும். நகரக் கடைகளில் உறைநிலையில் விற்கும் போலிக் கறி வகைகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

விவசாயிகளுக்கும் இதில் இடமுண்டு. பலாத் தோப்பு உடையோர் தை, மாசியில் நெருக்கமாகக் காய்த்த பிஞ்சுகளைக் களைந்து எறிவதற்குப் பதில் சந்தைக்கு அனுப்பலாம். வைக்கோல் மிகுந்த ஊர்களில் சிப்பிக் காளான் வளர்க்கலாம். வித்திட்ட மூன்று நான்கு வாரங்களில் முதற்பறிப்பு வரும். சத்தைக் கருதினால் எங்கள் பரிந்துரை மொச்சையே. வரப்பிலும் வேலியிலும் ஏற்றிவிட்டால் தனி நிலம் கேட்காது. அடுத்த சோதனை தைப் பொங்கலையொட்டிப் பச்சை மொச்சை வரும் காலத்தில் நடைபெறும். மொச்சையும் மீல் மேக்கரும் சரிபாதி சேர்த்து வைக்கும் குழம்பு எவ்வாறிருக்கிறது என்பதை அப்போது பார்க்க எண்ணியுள்ளோம். முதல் கரண்டியைப் பெண்களுக்கே பரிமாறுவது என்றும் குழுவினர் முடிவு செய்திருக்கிறார்கள்.