திண்டுக்கல் எந்தக் குழுவில் சேரும்?

அன்புள்ள தம்பிக்கு,

வலைப்பின்னலின் முனைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் வித்தையைப் பயில்கிற நீ, முனை ஒன்றுக்குக் குழுவும் ஒன்றே என்று பிடிவாதம் செய்யும் லூவேன் முறையில் (2008) மனம் லயித்திருப்பதாக எழுதியிருந்தாய். அதன் வேகத்தை நானும் மெச்சுகிறேன். ஆயினும் திருச்சி, மதுரை, கரூர், பழனி என்ற நான்கு திக்குகளிலிருந்தும் தண்டவாளங்கள் வந்து கூடுகின்ற நம் திண்டுக்கல் சந்திப்பை ஏதேனும் ஒரே கூட்டத்தில் அடைத்துவிட்டு அதுவே சாஸ்திரம் என்று சொன்னால், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரிகூட நகைப்பார்.

2003-இல் பரோங்கமா சென் முதலிய இயற்பியலாளர்கள் இந்திய ரயில்வேயை ஆராய்ந்தபோது, ஒரே வண்டி நிற்கும் எந்த இரு நிலையங்களையும் கோட்டால் இணைத்தார்கள். இதனால் ஒவ்வொரு வண்டியின் நிறுத்தங்களும் பரஸ்பரம் முழுமையாக இணைந்த ஒரு கூட்டமாகின்றன. அதற்குக் கிளிக் என்று பெயர். ஹங்கேரியைச் சேர்ந்த கெர்கேய் பல்லா, தமாஷ் விச்செக் முதலியோர் 2005-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்ட, ஒரு முனை பல குழுக்களில் இருக்க இடம் தரும் முறைக்குக் கிளிக்கே ஆதாரம்: ‘க’ முனைகள் கொண்ட இரு கிளிக்குகளுக்கு ஒன்று குறைய மற்றெல்லா முனைகளும் பொதுவாயின் அவை ஒரே குழு, பொது முனைகள் அதனினும் குறைந்து, வேறு கிளிக்குகளும் இடைப்பட்டு அவற்றைச் சேர்க்காவிடில், அப்பொது முனைகள் இரு குழுக்களிலும் அங்கத்தினராக நிற்கும்.

ஒரு வண்டி திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல், மதுரையிலும், மற்றொன்று மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனியிலும் நிற்பதாக வைத்துக்கொள். பைத்தானில் ஒவ்வொரு வண்டியின் நிறுத்தங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கோடுகளாக்கி, நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தின் ‘கே கிளிக் கம்யூனிட்டீஸ்’ என்ற செயற்கூறிடம் ஒப்படைத்தால் போதும். நிரல் பத்து வரிக்கு மேல் போகாது. ‘க’வுக்கு 3 கொடுத்தால் ஆறு நிலையங்களும் ஒன்றாகிவிடும், ஏனெனில் மதுரையும் திண்டுக்கல்லும் ஆகிய இரண்டு பொது முனைகளே அதற்குப் போதும். 4 கொடுத்தாலோ, மூன்று பொது முனைகள் வேண்டுமாதலால், குழு இரண்டாகி, திண்டுக்கல்லும் மதுரையும் இரண்டிலும் இடம்பெறும்.

இங்கேதான் சூட்சுமம். அந்த இரு வண்டிகளும் கொடைக்கானல் ரோட்டிலும் நின்றால், பொது முனைகள் மூன்றாகி, 4-இலும் குழுக்கள் கலந்துவிடும். ஊருக்கு ஊர் நிற்கும் பாசஞ்சர் வண்டிகள் இத்தகைய கலப்பை மேலும் பெருக்கும். ஆதலால் எந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. நடப்புக் கால அட்டவணையை எடுத்துக்கொண்டு, 3 முதல் 8 வரை ஒவ்வோர் எண்ணாகக் கொடுத்துப் பார்த்து, திண்டுக்கல் எந்த எண்ணில் எத்தனை குழுக்களில் தென்படுகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்