உச்சிக்குழி: பயமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்

1. கைக்குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று துடிக்கும் இடம் ஓட்டை அல்ல. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடைவெளி அது. தோலுக்கு அடியில் உறுதியான சவ்வு இருக்கிறது. சீப்புப் போட்டாலோ தலைக்கு ஊற்றினாலோ ஒன்றும் ஆகாது. துடிப்பது இரத்த ஓட்டத்தால்தான். முன்பக்கக் குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடிக்கொள்ளும். பின்மண்டையில் முக்கோணமாக இன்னொன்று உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் அது மூடிவிடுவதால் பல அம்மாக்கள் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

2. குழி நிறைய விளக்கெண்ணெய் ஊற்றித் தட்டினாலும் அது மூளைக்குப் போகாது, குழியும் சீக்கிரம் மூடாது. தலையில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தால் மட்டும் சில சொட்டு எண்ணெய் தடவி, ஊறியதும் மெல்லிய சீப்பால் வாரி, அலசி விடுங்கள்.

3. தலையை உருட்டி, அமுக்கி வடிவம் கொடுக்காதீர்கள். என் பேத்தி பிறந்தபோது தலை வெள்ளரிக்காய் மாதிரி நீண்டிருந்தது. பார்க்க வந்த ஒரு பெரியம்மா, "கால்ல போட்டு நாலு தடவ குளிப்பாட்டி உருட்டினா உருண்டையாயிடும், விடு" என்று புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். காபி கொடுத்து எழுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பிரசவத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழிவிடுவதால் வரும் நீளம் அது. ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

4. குழியைப் பார்க்க ஏற்ற நேரம், குழந்தை அழாமல் மடியில் நிமிர்ந்திருக்கும்போது. அழும்போதும் முக்கும்போதும் எல்லாக் குழந்தைக்கும் புடைக்கும். அமைதியான பிறகும் விம்மி, இறுகி இருந்தால், அதோடு காய்ச்சல், வாந்தி அல்லது வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. வயிற்றுப்போக்கின்போது குழி உள்வாங்கினால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். நாக்கு வறளும், அழுதால் கண்ணீர் வராது, சிறுநீர் குறையும். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். 'உச்சி விழுந்துடுச்சு' என்று மந்திரிக்க அழைத்துப் போகும் அந்த ஒரு மணி நேரம் பச்சைக் குழந்தைக்குப் பெரிய நேரம்.

6. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. தலை கனம், கழுத்து நிற்காது, மூளையோ மிக மிருது. உலுக்கினால் மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய இரத்தக்குழாய்கள் அறுந்துவிடும். வெளியே ஒரு காயமும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு அழுகை நிற்கவில்லை, கை நடுங்குகிறதென்றால் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் திண்ணைக்குப் போய் வாருங்கள். மடியில் போட்டு மெல்ல ஆட்டுவது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

7. ஒரே பக்கம் படுத்தால் மண்டை தட்டையாகும். தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும், ஆனால் தலைமாட்டையும் கால்மாட்டையும் அவ்வப்போது மாற்றுங்கள். விழித்திருக்கையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, சற்று நேரம் குப்புறப் போடலாம். கடுகுத் தலையணை தேவையில்லை. ஒரு வயதுவரை எந்தத் தலையணையுமே வேண்டாம்.

8. தையல் டேப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புருவத்துக்கு மேலே தொடங்கி, பின்மண்டையின் புடைப்பான இடத்தைச் சுற்றி அளந்து, தடுப்பூசி நாளில் அட்டையில் குறித்து வையுங்கள். பிறக்கும்போது சுமார் 34 செ.மீ. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ. போலக் கூடும், பிறகு வேகம் குறையும். உள்ளே சுமார் 350 கிராமாகப் பிறந்த மூளை ஒரு வயதில் 900 கிராமை நெருங்கும். ஓட்டைத் தள்ளி விரிப்பது அதுதான். அளவு திடீரென்று தாவினாலும், கூடாமல் நின்றாலும் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள்.